மூன்றாம் படியில் உம்மாவின் பெயர்

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் மௌத்தாக்கியிருக்கிறேன். கத்தியுமில்லை, நஞ்சுமில்லை. ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். கதை கட்டிச் சொல்கிறான் என்று நினைப்பவர்கள் தில்லையடிக்கு வந்து ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில் "அஸ்ஜத் யாரை மௌத்தாக்கினான்?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துச் சிரித்து என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள். அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன். ஒரு எழுத்தும் பொய்யில்லை.

நான் இணையத்தளம் செய்து பிழைப்பவன். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு லெப்டொப், கால் ஆடும் ஒரு கதிரை. இதுதான் என் கம்பனி. ஊரில் மௌத்தானவர்களை அடக்க உதவும் எங்கள் ஜனாஸா சங்கத்தின் செயலாளர் செய்னுலாப்தீன் நானா ஒருநாள் வந்து அந்த ஆடும் கதிரையில் பயந்து பயந்து உட்கார்ந்தார்.

"தம்பி, மௌத்து வீட்டிலிருந்து ஆளுக்கு ஆள் போன் அடிக்கிறாங்க. ஒரு மையத்துக்கு ரெண்டு கபன் வந்து சேருது. அடுத்த மையத்துக்கு ஒண்டும் இல்ல. ஒரு ஒழுங்கு பண்ணித் தா."

நன்மை கிடைக்கும் என்று செய்து கொடுத்தேன். நான்கு படிகள். முதலாம் படியில் மௌத்தானவரின் பெயரும் அறிவிப்பவரின் போன் நம்பரும். இரண்டாம் படியில் மையத்தைச் சுற்றும் கபன் புடைவை எத்தனை மீட்டர், தூக்கிப்போகச் சந்தூக்குப் பெட்டி வேண்டுமா, எந்த மையவாடியில் அடக்கம். மூன்றாம் படியில் தாயின் பெயர். நான்காம் படியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டி, கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: 'அறிவி'. அதை அழுத்தினால் ஊர் வட்ஸ்அப் குழுவுக்குப் போகும். பள்ளி மோதினாரின் போனுக்கும் போகும். அவர் ஸ்பீக்கரில் வாசித்துவிடுவார்.

தாயின் பெயர் எதற்கு என்று வெளியூரார் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அடக்கி முடிந்ததும் கபுறடியில் இருந்து தல்கீன் ஓதுவார்கள். மௌத்தானவரைத் தாயின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இன்னாளின் மகனே என்று. தாய் யாரென்று தெரியாவிட்டால் ஹவ்வாவின் மகனே என்பார்கள். முதல் தாய் எல்லாருக்கும் தாய்தானே. ஆகையால் மூன்றாம் படியை யாராவது வெறுமையாக விட்டால் தானாகவே 'ஹவ்வா' என்று விழும்படி எழுதியிருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மற்ற வரிகளில் கவனம் இல்லை.

இணையத்துக்கு ஞாபகம் கிடையாது. முதலாம் பக்கத்தில் நீங்கள் சொன்னதை இரண்டாம் பக்கம் கேட்டே இராது. நாங்கள்தான் கையில் கொடுத்து அனுப்பவேண்டும். சந்தூக்கைத் தோள் மாற்றிக் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தோள் விலகுமுன் அடுத்த தோள் கீழே நுழைந்துவிடும். ஒரு தோள் பிந்தினால் மையத்து நடுரோட்டில். படிக்குப் படி தகவலைக் கடத்துவதும் அப்படித்தான். என் தளத்தில் ஒரு தோள் பிந்தியது.

முதலாம் படியில் 'இது சோதனை' என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தேன். அதில் சரி போட்டால் அறிவித்தல் வெளியே போகக்கூடாது. சரியைப் போட்டேன். ஆனால் அந்தச் சரியை நான்காம் படிக்குக் கடத்தவில்லை. சோதனைக்கு ஒரு பெயர் வேண்டுமே! அந்த நேரம் பார்த்து என் தாய்மாமன் மஸாஹிர் போன் எடுத்து, "டேய் கொம்பியூட்டர், என்ட றேடியோவைத் திருத்தித் தாறன் எண்டு கொண்டுபோய் எத்தினை மாசம்?" என்று ஏசினார். ஏச்சு முடியுமுன்னே அவர் பெயரையும் நம்பரையும் போட்டு, படி படியாகப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

மாமா பாண் வாங்கிக்கொண்டு கடைவாசலில் நின்று தன் ஜனாஸா அறிவித்தலைத் தன் காதாலேயே கேட்டார். வீட்டுக்கு வந்தால் வாசலில் கதிரை இறக்குகிறார்கள். உள்ளே அழுதுகொண்டிருந்த மர்ளியா மாமி, படலையைத் திறந்துகொண்டு பாணோடு வருகிற மையத்தைக் கண்டு, முதலில் அழுததைவிடப் பெரிதாகக் கத்தினாராம்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஸலாம் சொன்னேன். மாமா என்னைப் பார்க்காமல் மாமியைப் பார்த்தார்.

"மையத்து ஸலாத்துக்குப் பதில் சொல்லாது எண்டு சொல்லு."

அன்றிலிருந்து அப்படித்தான். ஒரு சொல் என்னோடு கதைத்தது கிடையாது. எல்லாம் மாமி வழியாக. மையத்துக்குத் தேத்தண்ணி வேணுமாம். மையத்து நித்திரைக்குப் போகுதாம். ஆனால் அன்று அவர் கண்கள் சிவந்து வீங்கியிருந்ததை நான் கவனித்தேன். கோபம் என்று நினைத்தேன்.

ஊரில் எனக்குப் பெண் பார்ப்பதையும் உம்மா அந்தக் கிழமையோடு நிறுத்திவிட்டார். மாமனாரை அறிவித்துவிடுவான் என்று எல்லாருக்கும் பயம்.

தளத்தைத் திருத்தினேன். இந்தமுறை ஒழுங்காக. ஒருவர் தொடங்கியதும் சேர்வரில் அவருக்கென்று ஒரு பை. ஒவ்வொரு படியும் தன் பங்கை அந்தப் பைக்குள் போடும். அடுத்த படி அதிலிருந்து எடுக்கும். அறிவித்து முடிந்ததும் பை காலி. மௌத்து வீட்டில் அழுகைக்கு நடுவே ஒரே மூச்சில் எல்லாம் நிரப்ப ஏலாது என்று செய்னுலாப்தீன் நானா சொன்னதால் இன்னொரு பக்கமும் சேர்த்தேன். தொடங்கி, இன்னும் முடிக்காதவை அதில் தெரியும். அந்தப் பக்கத்துக்கு நான் வைத்த தலைப்பு: 'பாதியில் நிற்பவை.'

இப்போது அந்தத் தலைப்பை நினைத்தாலே முதுகு கூசுகிறது.

ஒக்டோபர் கடைசி. மழை வரப்போகிற இறுக்கம். இலை அசையவில்லை. தங்கச்சி றிஷ்னாவுக்கு முதல் பிள்ளை. மச்சான் கட்டாரில். புத்தளம் ஆஸ்பத்திரியில் உம்மா அவளோடு உள்ளே, நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வாப்பா மௌத்தாகி வருஷங்கள் ஆகின்றன. உம்மாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள்தான், நானும் றிஷ்னாவும். அவள் எனக்குப் பின்னால் வெகுநாள் கழித்துப் பிறந்தவள். சின்ன வயதில் தோளில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறேன். அவளை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம். ஒரு செய்தியும் இல்லை.

அஸர் தொழுகை முடிந்து பொழுது சாயும் நேரம் உம்மா வாசலுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன உம்மா? ஏன் சுணங்குது? ஏதும் பிரச்சினையா?"

"வீட்ட போய் சுடுதண்ணிப் போத்தலை எடுத்திட்டு வா."

"றிஷ்னாக்கு எப்படி?"

"சிவப்புப் போத்தல். மூடி இறுக்கமா இருக்கும்."

எங்கள் வீட்டில் நேரான பதில் என்று ஒன்று கிடையாது. உம்மாவும் மாமாவும் எருக்கலம்பிட்டி ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஆயுதத்தோடு வந்து போகச் சொன்ன நேரம், வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள். நான் அதற்குப் பிறகு அகதி முகாமில் பிறந்தவன். வள்ளத்தில் வந்ததைப் பற்றி உம்மாவிடம் கேட்டால் "மழை" என்பார். அதோடு கதை முடிந்தது. மாமாவிடம் கேட்டால் "உம்மாட்டக் கேளு" என்பார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். போத்தலை எடுத்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திரும்பப் போய் அதே வாங்கில் உட்கார்ந்து நகம் கடிப்பதைவிட இரண்டு நிமிஷம் தளத்தைப் பார்ப்போம் என்று லெப்டொப்பைத் திறந்தேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது.

பாதியில் நிற்பவை: ஒன்று.

யார் வீட்டில் மௌத்து என்று பார்த்தேன். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. ஆனால் இரண்டாம் படியில் நிற்கிறது. அது நடக்காது. பெயர் போடாமல் முதலாம் படியைத் தாண்ட ஏலாது. சிவப்பு எழுத்தில் தடுக்கும். நானே எழுதியது. அதனால்தான் நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. என் கோட்டில் பிழை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அறிவிப்பவரின் நம்பரைப் பார்த்தேன்.

மஸாஹிர் மாமாவின் நம்பர்.

பழைய சோதனையின் மிச்சம் பையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். அழித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். எதுவும் இல்லை. போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். போகுமுன் கண் ஒருமுறை திரையில் விழுந்தது.

பாதியில் நிற்பவை: ஒன்று.

அதே நம்பர். அதே வெறுமை. இப்போது இரண்டாம் படியில் விபரங்களும் விழுந்திருந்தன. கடைசியாக மாற்றிய நேரம் என்ற இடத்தில் 'இப்போது' என்று இருந்தது.

கபன்: ஒரு முழம்.

கதிரையில் மெதுவாக உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தில் எழுத்து விழாது. இலக்கம் மட்டும்தான் ஏற்கும். அதுவும் மீட்டரில். முழம் என்ற சொல்லை இந்தத் தளத்தில் நான் எங்கேயுமே எழுதவில்லை. ஒரு முழத்தில் என்ன கபன்? என் ஒரு காலுக்குப் போதாது.

சந்தூக்கு: தேவையில்லை.

அடக்கும் இடம்: கரை.

அந்த இடத்தில் நான் வைத்திருந்தது இரண்டு மையவாடிகளின் பெயர்கள் மட்டும். ஒன்றைத் தெரிவு செய்யலாம். வேறெதையும் தட்ட ஏலாது. 'கரை' அங்கே எப்படி வந்தது?

மாமாதான். பழிவாங்குகிறார் என்று தோன்றியது. ஆனால் மாமாவிடம் இருப்பது பொத்தான் போன். அதில் இன்டர்நெட் கிடையாது. பாம்பு விளையாட்டு மட்டும்தான்.

மறுபடி அழித்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சளக்...

தண்ணீர்த் தாங்கி வழிகிறது என்று நினைத்தேன்.

சளக்... சளக்...

வழிகிற சத்தம் இல்லை. பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். மெதுவாக மோதி, விலகி, திரும்ப மோதி... எங்கள் வீட்டிலிருந்து களப்புக் கடலுக்கு நல்ல தூரம். முன்னறைக்குள் உப்பு வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் வந்தது. எழுந்து யன்னலைச் சாத்தினேன். சத்தம் வெளியே நிற்கவில்லை. மேசைக்குக் கீழே கேட்டது.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். சொல்லி முடிந்ததும் கரண்ட் போனது.

தில்லையடி முழுக்க இருட்டு. றவுட்டரின் வெளிச்சம் அணைந்தது. வைஃபை இல்லை. லெப்டொப் மட்டும் பெற்றரியில் எரிந்தது. இனி எந்தப் பக்கமும் அசையாது. அசைய வழியில்லை.

திரையைப் பார்த்தேன்.

அது மூன்றாம் படிக்குப் போயிருந்தது.

தாயின் பெயர்: ஹவ்வா.

யாரும் நிரப்பவில்லை, ஆகவே ஹவ்வா. அது என் கோட். அது சரி. மூச்சை விட்டேன்.

கடைசி எழுத்து அழிந்தது.

பிறகு அதற்கு முந்தியது.

ஒவ்வொன்றாக... பின்னாலிருந்து... ஒருவர் ஆறுதலாக விரல் வைத்து அழிப்பது போல. கட்டம் வெறுமையானது. கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

சளக்...

'ற' விழுந்தது.

இன்னொன்று.

இன்னொன்று.

றம்லா.

என் உம்மாவின் பெயர்.

தில்லையடியில் றம்லாமார் பலபேர் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். கோடு மின்னியது. பெயருக்கு முன்னால் இன்னொரு சொல் எழுத்து எழுத்தாக விழத் தொடங்கியது.

எருக்கலம்பிட்டி றம்லா.

ஊரில் உம்மாவை அப்படித்தான் சொல்வார்கள். இன்றைக்கும்.

என் வேலை அந்த நேரத்திலும் என் மூளையில் ஓடியது. இது மௌத்தானவரின் பெயர் இல்லை. தாயின் பெயர். அப்படியென்றால் மௌத்து றம்லாவின் பிள்ளை. றம்லாவின் பிள்ளை என்றால்...

என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஓடியது. தறிகெட்டு ஓடியது.

அதுதான் கூடுதலாகப் பயமுறுத்தியது. நான் இல்லையென்றால்...

உம்மாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

திரை மாறியது.

நான்காம் படி.

பெயர் வெறுமை. ஒரு முழம். கரை. எருக்கலம்பிட்டி றம்லா. கீழே பச்சைப் பொத்தான் மட்டும் மிச்சம்.

அறிவி.

பொத்தான் லேசாக மங்கியது. விரல் வைத்தால் மங்குமே, அப்படி.

"வேணாம்" என்றேன். யாரிடம் சொன்னேன்? தெரியாது. "றிஷ்னாட பேரைப் போட்டுடாத. வேணாம்..."

மூடியை அடித்துச் சாத்தினேன். போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மோட்டார் சைக்கிள் மூன்றாம் உதையில்தான் எடுத்தது. மழை துமிக்கத் தொடங்கியது. ஒழுங்கை நடுவே ஒரு கழுதை நின்றது. ஹோர்ன் அடித்தேன். விலகவில்லை. அது என்னைப் பார்க்கவில்லை. என் பின் சீற்றைப் பார்த்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னை மெச்சிக்கொள்கிறேன்.

பிறகு சேர்வரின் பதிவுகளைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தேன், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று மாலை அந்தப் பக்கங்களைத் திறந்தது ஒரே ஒருவர். நான். அழித்ததற்கும் பதிவில்லை. அழிக்க அங்கே எதுவும் இருந்ததற்கும் பதிவில்லை.

மாமாவின் வீடு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். அவர் செய்யவில்லை என்று தெரியும். ஆனாலும் அவர்தான் செய்தார் என்று கேட்க ஆசைப்பட்டேன். மனிதன் செய்த பகிடியாக இருந்தால் போதும், காலில் விழுந்து கும்பிடவும் தயார்.

மாமி லாம்போடு கதவைத் திறந்தார். மாமா கதிரையில் சாய்ந்திருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

மாமா மாமியைப் பார்த்தார்.

"மாமா, பகிடியெல்லாம் போதும். தளத்தில நீங்கதானே போட்ட? உங்கட நம்பர் இருக்கு. யாரைக் கொண்டு போட்ட?"

"மர்ளியா, மையத்துக்குப் போன் தட்டத் தெரியாது எண்டு சொல்லு."

"பாருங்க, காட்டுறன்!" போனில் தளத்தைத் திறந்தேன். இரண்டு தரம் பிழையாகத் தட்டினேன்.

பாதியில் நிற்பவை: எதுவும் இல்லை.

கீழே இழுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. உம்மா. எடுக்க விரல் வரவில்லை. மாமிதான் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கடா போய்ட்ட? பொம்புளப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமிட்டார். நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா? லாம்பு வெளிச்சத்தில் யாருக்கும் தெரிந்திராது.

"அஸ்ஜத், ஒரு பேர் சொல்லு."

"என்ன?"

"பிள்ளைக்கு. றிஷ்னா நீ சொல்ற பேரைத்தான் வைக்கணுமாம். சொல்லு."

"ஏழாம் நாள்தானே உம்மா வைக்கிற? ஆறுதலா யோசிப்பம்..."

"ஏழு நாள் பார்க்க ஏலாது." உம்மாவின் குரல் மாறியது. "இப்பவே வைக்கணும். இப்பவே சொல்லு."

"மர்... நிஃப்லா" என்றேன். எதிரே நின்ற மாமியின் பெயரை விழுங்கி, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நிஃப்லா" என்று உம்மா ஒருமுறை சொன்னார். பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனை வைத்துவிட்டார். எனக்கும் றிஷ்னாவுக்கும்கூட நாங்கள் பிறந்த அன்றே பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். உம்மாவுக்கு எல்லாவற்றிலும் அவசரம் என்றுதான் நாங்கள் கேலி பண்ணுவோம்.

பயம் போகவில்லை. கணக்கு அப்படி. றிஷ்னா சுகம். றம்லாவின் பிள்ளையில் மிச்சம் யார்?

சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"மாமி, அப்ப நான்தான். எனக்குக் கபன் எடுக்கிற நேரம் வயித்துக்குக் கொஞ்சம் கூட்டி எடுங்க. அதில ஒரு முழம் எண்டுதான் போட்டிருக்கு."

கதிரை கிரீச்சிட்டது.

"என்ன சொன்ன?"

மாமா. என்னைப் பார்த்து. என்னிடம்.

"கபன்... ஒரு முழம்."

"வேற?"

"சந்தூக்கு தேவையில்ல... அடக்கிற இடம் கரை... பேர் இல்ல. தாயிட பேர் இருந்திச்சு." போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். "உம்மாட பேர்."

மழை தகரத்தில் விழத் தொடங்கியது. மாமா தன் வலது கையை லாம்புக்கு நேரே நீட்டினார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாமா... உம்மாக்கு எத்தினை பிள்ளை?"

உம்மாட்டக் கேளு என்பார் என்று காத்திருந்தேன்.

"மூணு" என்றார்.

மாமியின் கையில் லாம்பு ஆடியது. அவருக்கும் தெரியாது.

"மூத்தவன் ஆம்புளப் பிள்ளை. எருக்கலம்பிட்டில பிறந்தான். பிறந்து அஞ்சாம் நாள் எங்களைப் போகச் சொன்னாங்க. வள்ளத்தில ஏறினம். ராவு முழுக்க மழை. என்ட றாத்தா, உன்ட உம்மா, நெஞ்சோட பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தா. அவன் அழாமலே வந்தான். நல்ல பிள்ளை எண்டு நினைச்சம்." நிறுத்தினார். "கரை தெரிஞ்ச நேரம்தான் பார்த்தம்."

மாமி லாம்பைக் கீழே வைத்தார்.

"கரையிலேயே குளிப்பாட்டினம். நான் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தைக் கிழிச்சன். இந்தக் கையாலதான் அளந்தன். ஒரு முழம். அதுவே கூடத்தான். சந்தூக்கு எங்க? இந்தக் கையிலதான் கொண்டுபோனன். மீன் வாடிக்குப் பின்னால மணலைத் தோண்டி... ஒருத்தருக்கும் அறிவிக்கல்ல. அறிவிக்க அங்க யார் இருந்த? இறங்கின சனம் எல்லாமே மையத்து மாதிரித்தான் நிண்டுது. இதைக் கதைக்கப்படாது எண்டு றாத்தா என்னட்டச் சத்தியம் வாங்கினா."

கையை மெதுவாக மடியில் வைத்தார்.

"அண்டைக்கு ஸ்பீக்கர்ல என்ட பேரைக் கேட்டன்டா. எனக்குக் கோபம் வரல்ல. உயிரோட இருக்கிற எனக்கு ஊரே கூடிக் கதிரை போடுது. அவனுக்கு ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லல்லயே எண்டுதான்... அந்த வாசல்ல நிண்டு, அல்லாஹ்ட்டச் சொன்னன். இவனையும் ஒருநாள் யாராவது அறிவிக்கணும் எண்டு."

தகரத்தில் மழை. அதற்குக் கீழே, எங்கேயோ மிகக் கிட்ட...

சளக்...

மாமாவும் கேட்டார். அவர் தலை திரும்பிய விதத்தில் தெரிந்தது.

"பேர் என்ன, மாமா?" என்று கேட்டேன்.

அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"பேர் இல்ல. ஏழாம் நாள் வைக்க இருந்தம்" என்றார். "அடக்கின அடுத்த நாள்தான் ஏழு."